கியர் விழ அடம் பிடிக்கிறதா: கோளாறு கிளட்ச்சிலா, கியர்பாக்ஸிலா?

பழைய மேனுவல் காரில் கியர் கரகரத்தால், கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள்.

அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் சந்தேகம் கிளட்ச் மேல்தான். முழுசாக மிதித்தும் அது விலகி, கியர்பாக்ஸை இன்ஜினிலிருந்து பிரிக்கவில்லை. ரிவர்ஸ் இதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும்: கிளட்ச்சை மிதித்து ஐந்து நொடி பொறுத்துப் போட்டும் 'கர்ர்' என்றால், உள்ளே இன்னும் ஏதோ சுற்றுகிறது. மாருதி 800 போன்ற வண்டிகளில் முதலில் கேபிளைப் பாருங்கள். நீண்டிருந்தால் சரிசெய்வதோ மாற்றுவதோ சின்ன வேலைதான். கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் திரவ அளவு, கசிவு, குழாயில் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். சென்னையின் கத்திப்பாராவிலும் ஓஎம்ஆரிலும் நெரிசலில் பாதி கிளட்ச்சில் ஊர்ந்தே பழகிய வண்டிக்குக் கிளட்ச் தட்டும் தேய்ந்திருக்கும். ஆனால் அதன் அடையாளம் வேறு: இன்ஜின் இரையும், வேகம் ஏறாது.

அணைத்திருந்தும் கடினமா? அப்போது முதலில் கியர் லிவரின் இணைப்பு, அதன் மூட்டுகளில் உள்ள புஷ், அப்புறம்தான் கியர்பாக்ஸ். ஒரே ஒரு கியர், பெரும்பாலும் இரண்டாவது, ஓட்டத்தில் கரகரத்தால் கியர் மாறும்போது வேகங்களை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். அதற்கும் முன் கியர் ஆயிலைப் பாருங்கள், வண்டியின் கையேட்டில் சொன்ன கிரேடிலேயே ஊற்றுங்கள். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் கிடைக்கும்தான். அதன் உள்நிலை யாருக்குத் தெரியும்? நான் கேபிளிலிருந்தே தொடங்குவேன்.