குழந்தை வதையைக் கண்டுபிடிக்க எதைப் பார்ப்பது: கேள்விப் பட்டியலா, ரத்தக்கட்டா, பெற்றோரா?

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எந்தக் குழந்தை வீட்டில் அடிபடுகிறது, எது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று கண்டுபிடிக்க நெதர்லாந்து நிறைய முயன்று பார்த்திருக்கிறது. அங்கே பரவலாக இருப்பது கேள்விப் பட்டியல். 'எஸ்கேப்' என்ற பட்டியலில் ஆறே கேள்விகள். பெற்றோர் சொல்லும் காரணம் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதா, அழைத்துவரத் தேவையில்லாமல் தாமதித்தார்களா, இந்த வயதுப் பிள்ளைக்கு இப்படி அடிபட முடியுமா என்று போகும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே கேள்விதான், ஆள் பார்த்துச் சந்தேகப்படும் வேலை இல்லை. இதன் பெரிய பலம் அது.

சிக்கல், வீண் சந்தேகம். இன்னொரு டச்சுப் பட்டியலான ஸ்புட்டோவாமோவை, காயத்தோடு வந்த ஏழு வயது வரையான 4,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேண்டுமென்றே யாரோ காயப்படுத்தியது என்று நிபுணர்கள் முடிவுசெய்த மூன்று பேரையும் அது பிடித்தது. ஆனால் அது சந்தேகப்பட்டது ஏறக்குறைய நூறு பேரை.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்காவில் உருவான 'டென்-4' விதியைத்தான் நம்புவேன். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்தில் ரத்தக்கட்டு இருந்தால் விசாரிக்க வேண்டும். நான்கு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் உடம்பில் எங்கே இருந்தாலும் விசாரிக்க வேண்டும். தவழக்கூடத் தெரியாத பிள்ளை தானாக எங்கே போய் இடித்துக்கொள்ளும்? 2021-இல் வெளியான விரிவாக்கப்பட்ட வடிவம், ரத்தக்கட்டோடு வந்த குழந்தைகளில் வதைக்குள்ளானவர்களில் 95 சதவீதத்தினரைக் கண்டுபிடித்தது. சட்டையைக் கழற்றிக் காதுக்குப் பின்னால் வரை பார்த்தால்தான் இதற்குப் பலன். ஆனால் காயமே தெரியாத புறக்கணிப்பு இதில் சிக்காது.

அந்த இடத்தில்தான் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவான நடைமுறை என்னை ஈர்க்கிறது. அது குழந்தையைப் பார்ப்பதே இல்லை. குடும்ப வன்முறை, தற்கொலை முயற்சி, கடும் போதை என்று வரும் பெரியவரிடம், "உங்கள் பொறுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்கிறது. இருந்தால், பெற்றோரிடம் சொல்லிவிட்டே குழந்தை வதை பற்றிய தகவல்களைப் பெறும் மையத்துக்குத் தகவல் போகிறது. முன்பு லட்சம் நோயாளிகளுக்கு ஒன்று என்றிருந்த இந்தத் தகவல் அனுப்புதல் 64 ஆனது. அவற்றில் 91 சதவீதம் உறுதியானது. இதையும் ஸ்புட்டோவாமோ எண்ணையும் நேருக்கு நேர் நிறுத்துவது சரியல்ல. அங்கே எண்ணியது வேண்டுமென்றே உண்டாக்கிய காயத்தை மட்டும், இங்கே உணர்வுரீதியான புறக்கணிப்பும் சேர்த்தி. இருந்தாலும், ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத குழந்தையை இது ஒன்றுதான் எட்டுகிறது.

புதிதாகத் தொடங்கும் மருத்துவமனை எதுவானாலும் ஹேக் கேள்வியையும் டென்-4 பரிசோதனையையும் முதலில் கொண்டுவரட்டும். கேள்விப் பட்டியல் அப்புறம் வரலாம், அதுவும் சந்தேகம் எழுந்தால் உடனே கூப்பிட ஒரு குழந்தை மருத்துவர் பணியில் இருந்தால் மட்டும்.