கோடியா, பிளெக்ஸா, ஜெல்லிஃபினா: வீட்டுக் கணினிக்கு எந்த மீடியா சென்டர்?

ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்கள், கல்யாண வீடியோக்கள், பழைய சிடிக்களிலிருந்து எடுத்து வைத்த பாடல்கள். இவற்றையெல்லாம் கூடத்து டிவியில், சோபாவை விட்டு எழாமல், ரிமோட்டாலேயே தேடி எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கென்றே மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் விண்டோஸ் மீடியா சென்டரைத் தந்துகொண்டிருந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அது கைவிடப்பட்டது. இன்று விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் கோடி, பிளெக்ஸ், ஜெல்லிஃபின் என்று மூன்று பெயர்கள் வரும். சிலர் எம்பி என்ற நான்காவதையும் சேர்ப்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு டிவியில் மட்டும் பார்க்கும் வீட்டுக்குக் கோடி. பல அறைகளில், பல கைபேசிகளில் பார்க்கும் வீட்டுக்கு ஜெல்லிஃபின். பிளெக்ஸ் திறமையான மென்பொருள்தான், ஆனால் நான் அதை ஒரே ஒரு சூழ்நிலையில்தான் பரிந்துரைப்பேன். காசு கொடுத்து வாங்கிய வட்டுகளிலிருந்து நாமே சேர்த்த தொகுப்பை, நம் வீட்டிலேயே இருக்கும் இயந்திரத்திலிருந்து பார்க்க இன்னொருவரின் அனுமதி தேவைப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒப்பீடு முழுவதும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் நடக்கிறது.

நான்கும் இரண்டே குடும்பங்களைச் சேர்ந்தவை. 2002இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் வீடியோ பார்ப்பதற்காக ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள் எக்ஸ்பிஎம்சி என்று வளர்ந்து, 2014இல் கோடி என்று பெயர் மாறியது. 2008இல் அதன் மூலநிரலிலிருந்து மேக் கணினிக்காகக் கிளைத்துப் பிரிந்ததுதான் பிளெக்ஸ். பிறகு அது நிறுவனமாகி, தன் சர்வரின் மூலநிரலை யாருக்கும் காட்டாமல் மூடியே வைத்துக்கொண்டது. மறுபக்கம், மீடியா பிரவுசர் என்று தொடங்கிய திட்டம் எம்பி ஆனது. 2018 இறுதியில் எம்பி தன் மூலநிரலை மூடியதும், பங்களித்துவந்தவர்களில் சிலர் கடைசித் திறந்த பதிப்பை எடுத்துக்கொண்டு ஜெல்லிஃபினைத் தொடங்கினார்கள். கோடியும் ஜெல்லிஃபினும் இன்றும் ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமத்தில் முழுமையாகத் திறந்தவை, முழுமையாக இலவசம்.

இவை ஒரே வேலையைச் செய்வதாக நினைத்து ஒப்பிடுவதில்தான் பலருக்குக் குழப்பம் வருகிறது. கோடி என்பது ஓடுதிரை மென்பொருள், அதாவது பிளேயர். டிவியோடு இணைந்த கணினியிலேயே அது இயங்கும், கோப்பைத் தானே திறந்து தானே காட்டும். மற்ற மூன்றும் சர்வர்கள். ஒரு கணினி மூலையில் அமர்ந்து கோப்புகளைக் காத்துக்கொண்டிருக்கும். டிவி, கைபேசி, டேப்லெட் ஒவ்வொன்றிலும் ஒரு செயலி இருந்து அதனிடம் கேட்டு வாங்கிக் காட்டும். கேட்கும் கருவிக்கு அந்தக் கோப்பின் வடிவம் புரியாவிட்டால், சர்வர் அதை அந்த நொடியிலேயே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். இதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். சர்வர்களின் பலமும் செலவும் இதில்தான் இருக்கின்றன.

கோடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. எச்.264, எச்.265, பழைய எம்பெக்-2 என எந்த வீடியோ வடிவத்தைக் கொடுத்தாலும் உள்ளது உள்ளபடி காட்டிவிடும். படத் தரத்தில் நான் கோடியை முதலிடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டங்களில், அதாவது ஃபிரேம்களில், எடுக்கப்படுகின்றன. கணினி டிவிக்கு அனுப்புவதோ பெரும்பாலும் நொடிக்கு 60. 60ஐ 24ஆல் சரியாக வகுக்க முடியாது என்பதால், கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் மெல்லிய தடுமாற்றம் தெரியும். கோடியில் திரையின் புதுப்பிப்பு விகிதத்தைப் (ரெஃப்ரெஷ் ரேட்) படத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், படம் தொடங்கும்போது டிவியே 24க்கு மாறிக்கொள்ளும். அமைப்புகளில் இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, அந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்டவர்கள் பழைய நிலைக்குத் திரும்ப மாட்டார்கள். ஒலியும் அப்படியே. டிடிஎஸ், ட்ரூஹெச்டி போன்ற ஒலித்தடங்களைத் தொடாமல் அப்படியே ஒலிபெருக்கிக்கு அனுப்பும் வசதி கோடியில் நன்கு பண்பட்டிருக்கிறது.

ரிமோட் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் லிப்ரஎலெக் என்ற சிறிய இயங்குதளத்தோடு கோடியைப் போட்டால், எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே டிவி ரிமோட் கோடியை இயக்கும். சிஇசி என்று இதைச் சொல்வார்கள். சாதாரண மேசைக் கணினிகளின் வரைகலை அட்டைகளில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. தனியாக ஒரு யுஎஸ்பி இணைப்பியோ, கோர் என்ற கைபேசிச் செயலியோ தேவைப்படும். விசைப்பலகையும் மவுஸும் வைத்துக்கொண்டு படம் பார்க்கச் சொன்னால், வீட்டில் உள்ள பெரியவர்கள் இரண்டாம் நாளே கேபிள் டிவிக்குப் போய்விடுவார்கள். அதனால் மென்பொருளுக்கு முன்பாகவே இதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

கோடியின் குறை, அது தனி ஆள் என்பது. கூடத்தில் பாதிப் படத்தில் நிறுத்திவிட்டுப் படுக்கையறையில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், இரண்டு கோடிகளுக்கும் பொதுவாக ஒரு மரியாடிபி தரவுத்தளத்தை நிறுவ வேண்டும். செய்யக்கூடியதுதான், ஆனால் எல்லாருக்குமான வேலை அல்ல. இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். எல்லாப் படமும் இலவசம் என்று கோடியின் பெயரைச் சொல்லி விற்கப்படும் பெட்டிகளுக்கும் கோடித் திட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கோடி தன்னுடன் எந்தப் படத்தையும் தருவதில்லை. யாரோ எதையெதையோ ஏற்றி விற்கும் அத்தகைய பெட்டியை வீட்டு வைஃபையில் இணைக்காதீர்கள்.

இனி பிளெக்ஸ். நிறுவுவதற்கு இதைவிட எளிதானது இல்லை, இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். சாம்சங், எல்ஜி டிவிகள், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஆப்பிள் டிவி என எங்கு தேடினாலும் அதன் செயலி இருக்கிறது. பிளெக்ஸாம்ப் என்ற அதன் பாட்டுச் செயலிக்கு நிகராக மற்ற முகாம்களில் எதையும் நான் காணவில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் தளத்தில் கணக்கு தொடங்கச் சொல்கிறது. வீட்டுக்குள் நடக்கும் உள்நுழைவுகூட வெளியே இருக்கும் அவர்களின் சர்வரைச் சார்ந்தது. இணையம் அறுந்தால் என்ன ஆகும் என்று கவலைப்படுபவர்கள், வீட்டு வலையமைப்புக்கு உள்நுழைவு தேவையில்லை என்று முன்கூட்டியே அமைப்புகளில் குறித்து வைக்க வேண்டும். 2022 ஆகஸ்டிலும் 2025 செப்டம்பரிலும் அந்த நிறுவனத்தின் பயனர் தரவுகள் கசிந்து, எல்லாரும் கடவுச்சொல்லை மாற்ற நேர்ந்தது. 2023 இறுதியில் நண்பர்கள் என்ன பார்த்தார்கள் என்று வாராந்தர மின்னஞ்சல்கள் போகத் தொடங்கியபோது, தாங்கள் பார்த்தது மற்றவர்களுக்குப் போகிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சொந்தப் படத்தொகுப்பைப் பார்ப்பதில் இப்படி ஒரு நிலை வரவே கூடாது.

விலையும் ஏறியிருக்கிறது. 2025 ஏப்ரல் 29 அன்று பிளெக்ஸ் பாஸ் என்ற அதன் சந்தா மாதம் 6.99 டாலராகவும், வாழ்நாள் சந்தா 119.99இலிருந்து 249.99 டாலராகவும் உயர்ந்தன. அதுவரை இலவசமாக இருந்த, வீட்டுக்கு வெளியிலிருந்து வீடியோ பார்க்கும் வசதியும் அன்றிலிருந்து கட்டணத்துக்குள் போனது. வரைகலைச் சிப்பைப் பயன்படுத்தி வேகமாக டிரான்ஸ்கோடிங் செய்வதற்கும் சந்தா வேண்டும்.

அந்தக் கடைசி வசதியை ஜெல்லிஃபின் இலவசமாகத் தருகிறது, நடைமுறையில் இதன் மதிப்பு மிகப் பெரியது. இன்டெல் சிப்புகளில் 2011 முதல் க்விக் சிங்க் என்ற வீடியோ பகுதி உள்ளடங்கி வருகிறது. 10 பிட் எச்.265 கோப்புகளையும் அது கையாள வேண்டுமானால் ஏழாம் தலைமுறைச் சிப் அல்லது அதற்குப் பிந்தையது தேவை. இன்டெலின் என்100 என்ற சிக்கனமான சிப் கொண்ட சிறிய கணினி ஒன்றே, ஒரு 4கே படத்தைப் பழைய கைபேசிக்கு ஏற்றவாறு சுருக்கி அனுப்பிவிடும். அதே வேலையைப் பழைய கணினியின் சிபியு மட்டும் செய்ய வேண்டி வந்தால் விசிறி அலறும், படம் நின்று நின்று ஓடும். சப்டைட்டிலிலும் கவனம் தேவை. எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி கோப்பைப் பெரும்பாலான கருவிகள் தாமே காட்டிவிடும். புளூ-ரே வட்டுகளில் வரும் பிஜிஎஸ் வகை சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கிறது. கருவிக்கு அது புரியாவிட்டால் சர்வர் ஒவ்வொரு சட்டத்தின் மீதும் அதைப் பதித்து, வீடியோ முழுவதையும் மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும். நேற்று வரை ஓடிய படம் சப்டைட்டில் போட்டவுடன் திணறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஜெல்லிஃபினின் கணக்குகள் உங்கள் கணினியிலேயே உருவாகின்றன, வெளியே எங்கும் போவதில்லை. குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு வைத்து எந்தப் படங்கள் தெரியலாம் என்று வரையறுக்கலாம். கூடத்தில் நிறுத்திய இடத்திலிருந்து கைபேசியில் தொடரலாம். குறை, அதன் செயலிகளின் தரம் சீராக இல்லை என்பது. ஆண்ட்ராய்டு டிவியில் நன்றாக இருக்கிறது. வேறு சில டிவிகளில் சுற்றி வளைத்து நிறுவ வேண்டியிருக்கும், பிளேஸ்டேஷனுக்கு அதிகாரபூர்வமான செயலியே இல்லை. தன்னார்வலர்களின் உழைப்பில் வளரும் திட்டம் என்பதால், பெரிய பதிப்பு மாறும்போது தரவு அடைவை (ஃபோல்டர்) நகலெடுத்து வைத்துக்கொண்டு மேம்படுத்துவது பாதுகாப்பானது. எம்பி பிளெக்ஸுக்கும் ஜெல்லிஃபினுக்கும் நடுவில் நிற்கிறது: ஜெல்லிஃபினைவிட மெருகு கூடுதல், ஆனால் சிப் வழியான டிரான்ஸ்கோடிங் உட்படப் பலவற்றுக்குச் சந்தா. மூடிய மூலநிரலுக்குப் பணம் கட்டுவது என்றானபின் பிளெக்ஸை விட்டு இதைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. படத்தின் பெயர், அடைப்புக்குறிக்குள் ஆண்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடைவு. இவ்வளவுதான். இந்த மென்பொருள்கள் சுவரொட்டிப் படங்களையும் கதைச்சுருக்கங்களையும் பெரும்பாலும் டிஎம்டிபி என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கின்றன. ஆண்டு இல்லாமல் 'பில்லா' என்று மட்டும் வைத்தால் 1980இல் வந்ததா 2007இல் வந்ததா என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்? டிஎம்டிபியில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தமிழில் சுருக்கம் எழுதப்பட்ட படங்கள் குறைவு. யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கி அதில் எழுதலாம். பழைய தமிழ்ப் படங்களை நேசிப்பவர்கள் மாதத்துக்கு ஓரிரு படங்களுக்கு நான்கு வரி சேர்த்தால்கூட, உலகெங்கும் உள்ள தமிழ் வீடுகளின் திரையில் அது தெரியும்.

கல்யாண வீடியோக்களைத் திரைப்பட அடைவில் போட வேண்டாம். போட்டால் அக்கா கல்யாணத்துக்கு ஏதாவதொரு படத்தின் சுவரொட்டி வந்து ஒட்டிக்கொள்ளும். பிளெக்ஸிலும் ஜெல்லிஃபினிலும் சொந்த வீடியோக்களுக்கென்று தனி நூலக வகை இருக்கிறது. கோடியில் தகவல் தேட வேண்டாம் என்று அந்த அடைவுக்குக் குறித்தால் போதும். ஸ்டுடியோக்காரர் கொடுத்த டிவிடியை அப்படியே நகலெடுத்து வைத்திருப்பவர்களுக்குக் கோடியே சிறந்தது, மெனுவோடு அது ஓட்டிக்காட்டும். பிளெக்ஸ் டிவிடி அடைவுகளையும், முழு வட்டையும் ஒரே கோப்பாக நகலெடுத்த ஐஎஸ்ஓ கோப்புகளையும் ஏற்காது. ஜெல்லிஃபினிலும் மெனு கிடைக்காது. சர்வருக்குப் போவதென்று முடிவெடுத்தால் மேக்எம்கேவி போன்ற கருவியால் முதலில் எம்கேவி கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். பழைய டிவிடிகள் கீறலாலும் ஈரத்தாலும் ஆண்டுக்காண்டு வீணாகிக்கொண்டிருக்கின்றன, எப்படியும் செய்ய வேண்டிய வேலை அது.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். படம் பார்க்கும்போது மட்டும் கோடிக் கணினியை இயக்கினால் போதும், சர்வரோ எப்போதும் விழித்திருக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினி ஒன்று இரவும் பகலும் ஓடினால், 60 நாளில் 100.8 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு வீட்டுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை அந்த ஒரு கணினியே விழுங்கிவிடும். 10 வாட்டில் ஓடும் சிறிய கணினிக்கு அதே காலத்தில் 14.4 யூனிட்தான். சும்மா கிடக்கும் பழைய கணினி இலவசம் என்று நினைத்து அதில் சர்வரை நிறுவுவதற்கு முன் இந்தக் கணக்கு அவசியம். திடீர் மின்தடையால் ஹார்ட் டிஸ்க்கும் தரவுத்தளமும் கெடாமலிருக்க ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் தேவை.

வெளியூரிலிருந்து பார்ப்பதுதான் மிச்சம். நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகளில் பலவற்றில் பல வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ரூட்டரில் போர்ட் என்ற இணைப்பு வாசலைத் திறந்தாலும் வெளியிலிருந்து வீட்டுச் சர்வரை எட்ட முடியாது. ஜெல்லிஃபினுக்கு டெயில்ஸ்கேல் என்ற தனியார் வலையமைப்பு (விபிஎன்) மென்பொருள் நல்ல வழி. சர்வரிலும் பார்க்கும் கருவியிலும் அதை நிறுவினால், இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுபோலப் பேசிக்கொள்ளும். ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைப்பதைவிட இது பாதுகாப்பானதும்கூட. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் மடிக்கணினிக்கு இது போதும்.

ஆனால் டொரன்டோவில் அண்ணன் வீட்டு டிவியில் அம்மா பார்க்க வேண்டும், அங்கே எதையும் நிறுவிக்கொடுக்க ஆளில்லை, டிவியில் வரும் செயலியைத் திறந்தால் படம் ஓட வேண்டும் என்றால், பிளெக்ஸ்தான் சரி. அந்த ஒரு வசதிக்காகச் சந்தா கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்போதும் அதை ஜெல்லிஃபினுக்குப் பக்கத்திலேயே நிறுவி, இரண்டுக்கும் அதே கோப்பு அடைவுகளைக் காட்டுங்கள், ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடாது. கூடத்து டிவியில் கோடியின் படத் தரமும் வேண்டும் என்பவர்கள், கோடிக்குள் ஜெல்லிஃபின் நீட்சியைச் சேர்த்துவிட்டால், பார்த்த இடம், பார்க்காத இடம் எல்லாம் சர்வரோடு ஒத்துப்போகும். ஜெல்லிஃபினில் என்எஃப்ஓ என்ற சிறிய எழுத்துக் கோப்புகளாகத் தகவல்களைச் சேமிக்கும் அமைப்பையும் இயக்கி வையுங்கள். நீங்கள் திருத்திய பெயர்களும் விவரங்களும் படத்தின் அடைவிலேயே எழுதப்பட்டிருக்கும், நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் கோடி உட்படப் பலவற்றால் அவற்றைப் படிக்க முடியும்.