முதுமலையா, டாப்சிலிப்பா, வால்பாறையா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டு விலங்குகளைப் பார்க்கப் போகலாம் என்று பேச்சு எடுத்தால், தமிழ்நாட்டுப் பக்கம் சுற்றிச் சுற்றி இந்த மூன்று பெயர்களில்தான் வந்து நிற்கும். தேக்கடியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. படகுச் சவாரி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் படகு நிறைய ஆட்கள். மூணாறு பக்கம் இரவிகுளம் வரையாட்டுக்குப் பேர் போனது; குட்டி ஈனும் காலம் என்று பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். மிச்சம் இந்த மூன்று. மூன்றையும் பார்த்துவிட்டு நான் வால்பாறைப் பக்கம் சாய்ந்தவன், விடுமுறை கிடைத்தால் இப்போதும் அங்கேதான் போகிறேன். அதனால் கீழே வருவதை ஒரு பக்கம் சாய்ந்த தராசாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முதுமலை. 1940-ல் சரணாலயம் ஆனது, 2007-ல் புலிகள் காப்பகம். இலையுதிர் காடு என்பதால் கோடையில் மரங்கள் மொட்டையாகி, கண்ணுக்கு வெகுதூரம் எட்டும். புள்ளிமான் கூட்டம் ஏறக்குறைய நிச்சயம். யானை, காட்டுமாடு, அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய். புலி பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இந்த மூன்றில் முதுமலையைத்தான் சொல்வேன். தெப்பக்காடு யானைகள் முகாமில் கும்கிகளுக்குக் கவளம் ஊட்டுவதைப் பார்ப்பது குழந்தைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். ஊட்டியையும் மைசூரையும் சேர்த்துத் திட்டம் போட வசதி. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பந்திப்பூர் வழியாகப் போகும் சாலையை இரவு 9 மணிக்கு அடைத்து காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். கர்நாடகப் பக்கமிருந்து வருபவர்கள் இதை மறந்துவிட்டு வாசலில் நிற்பது வழக்கம்.

டாப்சிலிப் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏற வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம், அதனால் அந்தப் பெயர். வெட்டி மொட்டையாகிக் கிடந்த மலையில் மறுபடி தேக்கு வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறையும் அங்கேதான். அதைத் தாண்டினால் பரம்பிக்குளம். இடம் கேரளாவுடையது, அணைகளின் தண்ணீர் தமிழ்நாட்டுக்கு, போகிற சாலையும் தமிழ்நாடு வழி! உள்ளே துணக்கடவு பக்கம் கன்னிமரா தேக்கு நிற்கிறது; ஐந்து பேராவது கை கோர்த்தால்தான் கட்டிப் பிடிக்கலாம் என்பார்கள். காடு என்று பார்த்தால் மூன்றில் மிக அமைதியானது இதுதான். நான் பகலில் வனத்துறை வண்டியில் சுற்றிவிட்டு இறங்கியவன், உள்ளே இரவு தங்கியதில்லை. தங்கிவிட்டு வந்தவர்கள் அதுவே வேறு அனுபவம் என்கிறார்கள். அவர்கள் பேச்சை என் பேச்சுக்கு மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வால்பாறை. ஆழியாறில் தொடங்கி 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. மேலே போனால் தேயிலைத் தோட்டம், நடுநடுவே துண்டு துண்டாக மழைக்காடு, சுற்றிலும் ஆனைமலைக் காப்பகம். "அது காடே இல்லையே, எஸ்டேட்தானே" என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்தான். ஒரு விலங்கைப் பார்த்தபின் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க விடுவார்களா?

முதுமலையிலும் டாப்சிலிப்பிலும் வனத்துறை வண்டியில்தான் காட்டுக்குள் போக முடியும். வண்டியில் இருபது முப்பது பேர், ஒரு மணி நேரம் போல ஒரு சுற்று. காட்டுமாடு தெரிந்தால் வண்டி நிற்கும், எல்லோரும் ஒரு பக்கம் சாய்வார்கள், செல்போன்கள் எழும், வண்டி கிளம்பிவிடும். அடுத்த சுற்றுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள், ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. சொந்தக் காரில் முதுமலைச் சாலையில் போனால் நிறுத்தவே கூடாது, இறங்கினால் அபராதம். விதி சரியானதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் போக மீதிப் பகல் முழுக்க விடுதியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வால்பாறையில் சாலையே சஃபாரி. ஊர்கள், பள்ளிக்கூடம், பேருந்து எல்லாம் ஓடும் இடம் என்பதால் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு நிற்கலாம். தேயிலைச் செடி இடுப்பளவுதான். காட்டுமாட்டுக் கூட்டம் செடிக்குள் மேயும்போது கறுத்த முதுகுகள் மட்டும் பச்சைக்கு மேலே நகர்ந்துகொண்டிருக்கும். சாலையை விட்டு இறங்காமல், தூரமாக நின்றே அரை நாள்கூடப் பார்க்கலாம். அடர்ந்த மழைக்காட்டுக்குள் பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது. தோட்டம் இருப்பதால்தான் இங்கே கண்ணுக்குப் படுகிறது. எஸ்டேட்தானே என்ற கேள்விக்கு என் பதில் அதுதான்.

நின்று பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இருவாச்சி ஒன்று போதும். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொண்டு முட்டையிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விட்டிருக்கும். வாரக்கணக்கில் ஆண் பறவைதான் இரை கொண்டுவர வேண்டும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பழுத்த அத்தி மரம் ஒன்று கண்ணில் பட்டால் அதற்கு எதிரே, எட்டவே நில்லுங்கள். முதலில் சத்தம்தான் வரும். ரயில் எஞ்சின் நீராவி விடுவதுபோல உஸ் உஸ்ஸென்று, இறக்கை இடுக்கில் காற்று கிழியும் சத்தம். பிறகுதான் பறவை. அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகப் பறித்து விழுங்கிக்கொண்டே போகும், கூட்டுக்குப் போனதும் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பிளவு வழியாகக் கொடுக்கும். கூடு கண்ணில் பட்டால் அங்கே மட்டும் நிற்காதீர்கள். ஆள் நிற்பதைப் பார்த்தால் ஆண் கூட்டுக்கு வராது, உள்ளே ஒன்று பசியோடு இருக்கும்.

புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத இனம், இயல்பாக மரத்தை விட்டு இறங்காது. காடு துண்டானதால் இங்கே தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கிறது. வண்டியில் அடிபடாமலிருக்க சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து பிஸ்கட் போடாதீர்கள். ஏறும் வழியில் ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறையில் நிற்கும் வரையாட்டுக்கும் இதே வேண்டுகோள்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. மக்கள் வேலை செய்யும் இடத்தில்தான் யானையும் சிறுத்தையும் நடமாடுகின்றன, சிறுத்தை குழந்தைகளைத் தாக்கிய துயரம் இங்கே நடந்திருக்கிறது. யானை அருகில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளைச் சில இடங்களில் நிறுத்தியிருக்கிறார்கள், ஊர்க்காரர்களுக்கு செல்போனில் தகவலும் போகும். அந்த விளக்கு எரிந்தால் திரும்பிவிடுங்கள், போட்டோ எல்லாம் அப்புறம். தேயிலைப் பாதைகள் தனியார் இடம், அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. இருட்டிய பிறகு நடை வேண்டவே வேண்டாம்.

செலவு, சாப்பாடு பற்றி நீட்ட ஒன்றுமில்லை, மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். மழை மட்டும் கவனம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையில் கொட்டித் தீர்க்கும், சின்னக்கல்லாறு தமிழகத்தில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அட்டை பயமில்லாதவர்களுக்கு அந்தப் பச்சையும் பிடிக்கும். முதுமலை அதற்கு நேர்மாறு, மார்ச்சில் காய்ந்து காட்டுத்தீ பயத்தில் சஃபாரியை நிறுத்திவிடுவதும் உண்டு. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், வால்பாறைக்கும் அது வந்துவிட்டது. கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் வால்பாறை வேண்டாம். வளைவுகளிலேயே பாதி நாள் போய்விடும், நின்று பார்க்க நேரம் இல்லாவிட்டால் அது வெறும் தேயிலைத் தோட்டம்தான். அப்போது முதுமலைக்கே போங்கள். இரண்டு இரவு தங்க முடியுமென்றால் மட்டும் ஆழியாறில் வண்டியை ஏற்றுங்கள், தலைசுற்றுகிறவர்களுக்கு மாத்திரையைக் கீழேயே கொடுத்துவிட்டு.