மெக்ரிட்சியா, ரயில் காரிடாரா?

சிங்கப்பூரில் காட்டுப் பாதையில் முதன்முதலாக ஓடப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது இந்த இரண்டைப் பற்றித்தான்.

ரயில் காரிடார் 24 கிலோமீட்டர். பழைய ரயில் தடம் என்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. பின்னால் சைக்கிள் வரும். இடப்பக்கமாகவே ஓடுங்கள், இயர்போன் வேண்டாம். பல இடங்களில் நிழல் கம்மி, ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும்.

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. ஆனால் மழைக்குப் பிறகு மரவேர்கள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். கண் தரையிலேயே இருக்கட்டும், அடியைச் சின்னதாக வையுங்கள். முன்னால் பெரியவர்கள் நடந்தால் தூரத்திலிருந்தே "எக்ஸ்கியூஸ் மீ, அங்கிள்" என்று குரல் கொடுத்துவிட்டு, நடந்தே தாண்டுங்கள். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சலசலப்பு நன்றாகவே தெரியும். வாழைப்பழத்தை வீட்டிலேயே தின்றுவிட்டு வாருங்கள்!

என் ஓட்டு மெக்ரிட்சிக்கே. முழங்கால், கணுக்கால் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் ரயில் தடத்தில் தொடங்கட்டும்.