400 கிலோமீற்றர் உழக்கி வந்தவருக்கு எந்தக் கட்டில்?

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டு நாலாம் நாள். புத்தளத்திலும் அனுராதபுரத்திலும் வவுனியாவிலும் கிடைத்த அறையில் படுத்தெழும்பி, அன்றைக்கு மட்டும் 140 கிலோமீற்றர் உழக்கி, மாலை ஐந்து மணிக்கு நானும் மச்சானும் நாவற்குழிப் பாலத்தில் ஏறினோம். ஆடி மாதம். பரந்தன் வரை முதுகில் கை வைத்துத் தள்ளிய சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று, ஆனையிறவு தாண்டி வீதி மேற்கே திரும்பியதும் இடப்பக்கத்தால் முகத்தில் அடிக்கத் தொடங்கியது. பளையில் இருந்து கொடிகாமம் வரை இரண்டு பேரும் ஒரு சொல் கதைக்கவில்லை. "மச்சான், இண்டைக்கு ஒரு நல்ல ஹொட்டேலில படுப்பமடா" என்று அவன் சொன்னது சாவகச்சேரியில் சோடா குடித்தபோதுதான்.

அன்று இரவு நகர நடுவில் ஒரு சொகுசு ஹொட்டேல். அடுத்த இரண்டு இரவும் நல்லூர்ப் பக்கம், ஒழுங்கைக்குள் ஒரு வீட்டு அறை. இரண்டும் அடுத்தடுத்து அமைந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பாகப் போய்விட்டது. தூரம் சைக்கிள் ஓடுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். காரில் வருகிறவர்களின் கணக்கு வேறு.

குளிப்பில் ஹொட்டேல்தான். சுடுதண்ணீர் தொடையிலும் பிடரியிலும் விழ, நாலு நாளாக இறுகிக் கிடந்த நரம்பெல்லாம் விட்டது. அரை மணித்தியாலம் வெளியே வர மனமில்லை. வெள்ளைத் துவாயில் முகத்தைத் துடைத்தபோது அது காவி நிறமாகிப் போனதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பையில் ஒரு பழைய துவாய் வைத்திருங்கள், முதல் துடைப்பு அதில் ஆகட்டும். வீட்டில் கிணறு. சுண்ணாம்புக்கல் தண்ணீர், சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. வெயிலில் ஓடிவந்த உடம்பில் வாளிவாளியாக ஊற்றினால் சூடு தணியும். ஆனால் தசைப்பிடிப்புக்குச் சுடுதண்ணீர்தான் மருந்து.

கட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 140 கிலோமீற்றருக்குப் பிறகு பாயில் படுத்தாலும் நித்திரை வரும். ஏசி அறையில் நுளம்பு இல்லை, வீட்டில் நுளம்புவலை இருந்தது.

சைக்கிளையும் உடுப்பையும் பார்த்தால் வீடு பல படி மேல். ஹொட்டேலில் வாகனத் தரிப்பிடத்தில் விடச் சொன்னார்கள். பிறகு கேட்டுக் கேட்டுப் பயணப்பெட்டி வைக்கும் அறையில் இடம் வாங்கினோம். உடுப்புத் தோய்க்க உருப்படிக்கு இவ்வளவு என்று காசு. வீட்டில் சைக்கிள் விறாந்தையில் நின்றது. கிணற்றடிக் கல்லில் தோய்த்துக் கொடியில் போட்ட உடுப்பு, சோளகக் காற்றில் இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்தது. பின்சில்லு நெளிந்திருந்ததைப் பார்த்து வீட்டுக்கார அன்ரியே ஒழுங்கை முகப்பில் இருந்த சைக்கிள் கடைக்கு அனுப்பினா. கடைக்காரர் கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கி நெளிவெடுத்துத் தந்தார்.

சாப்பாட்டில்தான் முடிவு சொல்லத் தடுமாறுகிறேன். நாலாம் நாள் பசி சாதாரணப் பசி இல்லை. சாப்பிட்டு எழும்பும்போதே திரும்பப் பசிக்கும். அந்தப் பசிக்கு ஹொட்டேலின் காலை மேசை பெரிய வரம். இடியப்பம், சொதி, முட்டை அப்பம், பாண், பழம் என்று நான் நாலு தரம் எழும்பிப் போனேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் அன்ரி "தம்பியவை, முதல்ல வடிவா குளிச்சிட்டு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று தொடங்கி, இரவு புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், கடைசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வைத்தா. ருசி என்றால் அதுதான். ஆனாலும் அடுத்தவர் வீட்டில் எத்தனை தரம் புட்டுக் கேட்பது?

சாப்பிடும்போது, எந்த வழியால் வந்தீர்கள் என்று கேட்டா. நாவற்குழிப் பாலம் என்றோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, மாமியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் அரிசிப் பையைக் கட்டி, அந்தப் பாலத்தை நெரிசலுக்குள் உருட்டிக்கொண்டு கடந்த கதையைச் சொன்னா. நாங்கள் காற்றைப் பற்றி முறைப்பட்ட அதே இடம். அந்த இரவு நான் நெடுநேரம் முழித்திருந்தேன். இப்படி ஒரு கதையைக் கேட்க அந்த வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

இனி நேரத்துக்கு வருவோம். என் முடிவைத் தீர்மானித்தது அதுதான். இந்த வெயிலில் சைக்கிள்காரர் விடிய ஐந்தரைக்கே வெளிக்கிட வேண்டும். எங்கள் ஹொட்டேலில் காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு. நாங்கள் உள்ளே போனபோது மாலை ஆறு. விடிய வெளிக்கிட்டிருந்தால் ஒரு குளிப்புக்கும் ஒரு நித்திரைக்கும் மட்டும், வீட்டு அறையில் நாலு இரவு தங்கக்கூடிய காசைக் கொடுத்திருப்போம். அதனால் குறிகட்டுவான் போய் நெடுந்தீவுப் படகு பிடிக்கும் திட்டத்தை ஒரு நாள் தள்ளிவைத்தோம். சாப்பிட்டு, திரும்பவும் படுத்து, பன்னிரண்டு மணிக்குத்தான் அறையை விட்டோம். அந்தக் காலைதான் கொடுத்த காசுக்குப் பெறுமதி.

அடுத்த நாள் வீட்டில் இருந்து ஐந்தரைக்கு இறங்கினோம். அன்ரி அதற்கு முன்னமே எழும்பித் தேத்தண்ணி வைத்திருந்தா. பண்ணைப் பாலம் தாண்டும்போது காற்று இன்னும் எழும்பவில்லை. புங்குடுதீவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், வெயிலும் ஏறவில்லை. ஹொட்டேலில் இருந்து அந்த நேரத்துக்கு நாங்கள் வெளிக்கிட்டிருக்க மாட்டோம்.

ஆகவே சைக்கிள் ஓடுகிற நாட்களுக்கு வீட்டு அறை, அடுத்த நாள் ஓட்டம் இல்லாத இரவுக்கு ஹொட்டேல். ரயிலோ பஸ்ஸோ பிடித்துத் திரும்புகிற நாளுக்கு முதல் இரவாக அது அமைந்தால் இன்னும் நல்லது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் இரண்டுக்குமே முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

அடுத்த பயணத்தில் பருத்தித்துறை முனை வரை போய் வந்த பிறகு, கடைசி இரவுக்குத்தான் ஹொட்டேல். அறை தருவது பின்னேரம் இரண்டு மணிக்கு. ஒன்றே முக்காலுக்கே வாசலில் நிற்க வேண்டும் என்று மச்சான் இப்போதே சொல்லிவிட்டான்.