கிணற்று நீரை நினைவூட்டிய ஒரு மலைத் தேசப்படம்

கிரேக்க நாட்டுக் கிறீற் தீவின் மிக உயர்ந்த மலையான இடாவின், அதாவது இன்று அத்தீவார் பிசிலோறிற்றிஸ் என்றழைக்கும் மலையின், நடைபயணத் தேசப்படம் ஒன்றை யேர்மனியிலிருந்து விடுமுறையில் வந்த என் மருமகன் சென்ற ஆடி மாதம் கொண்டு வந்து தந்தார். கீரிமலையிலும் மலையைக் காண முடியாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இது பொருத்தமான பரிசுதான். மூன்று மாதங்கள் மேசையில் விரித்து வைத்துப் படித்த பின்னரே இம்மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அளவுத்திட்டம் 1:30,000, சமவுயரக்கோடுகளின் இடைவெளி 20 மீற்றர். நனைந்தாலும் கிழியாத தாளில் அச்சிட்டிருப்பதால் நமது மாரிக்காலப் பூஞ்சணத்துக்கும் தாக்குப்பிடிக்கும் என்று நம்புகிறேன். உச்சியின் உயரம் 2456 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலையான நமது பீதுருதாலகால இதைவிட 68 மீற்றர் உயர்ந்தது. ஆயினும் அகலக்கோடு 35 பாகையை ஒட்டிய அம்மலையில் பனி இளவேனில் வரை கிடக்கிறது.

இத்தேசப்படத்தின் உண்மையான பெறுமதி, நீர் செல்லும் வழியை அது காட்டும் விதத்தில் இருக்கிறது. ஆபிரிக்கப் புவியோட்டுத் தகடு ஏஜியன் கடற்பகுதியின் கீழ் அமிழ்வதால் மேலெழுந்த இம்மலை பெரும்பாலும் சுண்ணக்கல்லால் ஆனது. ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தில் உள்ள நிடா மேட்டுநிலத்தைச் சுற்றி, பள்ளத்தைக் குறிக்கும், உட்பக்கம் சிறு பற்கள் பொறித்த மூடிய கோடுகள் வரையப்பட்டுள்ளன. அங்கிருந்து வெளியேறும் ஆறு ஒன்றேனும் இல்லை. உருகும் பனி முழுவதும் நிலத்துளைகளால் விழுங்கப்பட்டுப் பாறைக்குள்ளே பயணம் செய்து, ஹிறாக்லியோன் நகருக்கு மேற்கே கடலோரத்தில் அல்மிறோஸ் என்னும் ஊற்றாக வெளிவருகிறது. அப்பெயரின் பொருளே உப்பானது என்பதாகும். ஆண்டின் பெரும்பகுதியில் கடல்நீர் கலந்து உவர்க்கும் அந்த ஊற்று, மாரியில் பெருக்கெடுக்கும்போது மட்டும் நன்னீராகிறது. யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் இனிப்பதையும் ஆழத்தில் உவர்ப்பதையும் அறிந்தவர்களுக்கு, தோட்டக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்து உவர்நீரை வரவழைத்தவர்களுக்கு, இதை விளக்கத் தனியாக ஒரு பாடம் வேண்டியதில்லை.

பின்பக்கத்து வரலாற்றுக் குறிப்புகள் சமனற்றவை. கிரேக்கக் கடவுளான சேயுஸைக் குழந்தைப் பருவத்தில் அமல்தியா என்னும் ஆடு பாலூட்டி வளர்த்ததாகவும், அவன் அழுகை தந்தை குரோனோஸின் காதில் விழாதபடி கூரேற்றர்கள் என்னும் காவல் வீரர்கள் கேடயங்களை அடித்து ஒலியெழுப்பியதாகவும் சொல்லப்படும் இடாக் குகைக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது தகும்; 1885 இல் இத்தாலிய அறிஞர் பெடறிக்கோ ஹல்ப்ஹேர் அங்கு அகழ்ந்தபோது வெண்கலக் கேடயங்களே கிடைத்தன என்பதால் கதையும் பொருளும் அங்கே அருகருகே நிற்கின்றன. தெற்குச் சரிவிலுள்ள கமாறெஸ் குகையில் கிடைத்த வண்ண மட்கலங்களே பண்டைய கிறீற்றின் மினோவன் நாகரிகத்துக் கலைப்பாணி ஒன்றுக்குப் பெயர் தந்தன என்ற செய்தியும் உண்டு. ஆனால் வடசரிவிலுள்ள அனோயா ஊருக்கு ஒரே ஒரு வரிதான். 1944 ஏப்ரலில் பிரித்தானிய அதிகாரிகளும் கிறீற் போராளிகளும் யேர்மன் தளபதி கிறைப்பைக் கடத்தி இம்மலை வழியாகக் கொண்டு சென்றனர். அதே ஆண்டு ஓகஸ்ற்றில் அனோயா முழுவதும் யேர்மன் படையினரால் பழிவாங்கலாகத் தரைமட்டமாக்கப்பட்டது. புராணத்துக்கு அரைப்பக்கமும் எரிந்த ஊருக்கு ஒரு வரியும் என்ற பங்கீட்டை யாழ்ப்பாணத்திலிருந்து வாசிப்பவனால் ஏற்க முடியவில்லை.

சாந்தின்றி அடுக்கிய கற்களால் குவிந்த கூரையுடன் இடையர் கட்டிய மித்தாற்றா என்னும் குடில்கள் தனிக் குறியீட்டுடன் காட்டப்பட்டுள்ளன. அவற்றின் படத்தைப் பார்த்ததும் நெடுந்தீவின் கல்வேலிகள் கண்முன் வந்தன. நெடுந்தீவில் பவளக்கல், இடாவில் சுண்ணக்கல், இரண்டிலும் சாந்தைத் தொடாத கை. உச்சியிலுள்ள திருச்சிலுவைத் தேவாலயமும் அவ்வாறே கட்டப்பட்டது. செப்ரெம்பர் 14 இல் அங்கு திருவிழா.

பெரிய குறை ஒன்று உண்டு. வடகிழக்கு விளிம்பு கடற்கரைக்கு முன்னரே வெட்டப்பட்டதால், அல்மிறோஸ் ஊற்று தாளுக்கு வெளியே விழுந்துவிட்டது. ஓர் அம்புக்குறி மட்டுமே அத்திசையைச் சுட்டுகிறது. மலையில் நடப்பவருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் நீரின் பாதையைத் தொடர்பவருக்குக் கதை பாதியில் நின்றுவிடுகிறது. மடிப்புகளும் நுண்ணியவை, ஒருமுறை விரித்தால் பழையபடி மடிக்கப் பொறுமை வேண்டும்.

விலை 12 யூரோ. அங்கு நடக்கப் போகிறவருக்கு அது பெரிதல்ல. வகுப்பறைக்காக வாங்குபவர் சற்று யோசிக்கலாம், ஆனால் சுண்ணக்கல் நிலவுருவங்களைக் கற்பிக்க இதைவிடத் தெளிவான தாள் என் கைக்கு இதுவரை வந்ததில்லை. விடுபட்ட கடற்கரைத் துண்டை ஒரு பழைய தேசப்படப் புத்தகத்திலிருந்து பெருப்பித்துப் பிரதியெடுத்து, வடகிழக்கு மூலையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.