கருப்பு காரும் கம்பெனி பெயிண்ட்டும்: நான்கு வருட அனுபவம்

புது காரில் ஒரு கீறல் விழுந்தால் "பாலிஷ் போட்டா போயிடும்" என்று ஒருவர் சொல்வார். "பேசாம அந்த டோரையே பெயிண்ட் அடிச்சிடுங்க" என்று இன்னொருவர் சொல்வார். கருப்பு காரை நான்கு வருடமாகச் சென்னையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் இரண்டுமே அவசரப்பட்டுச் செய்யக்கூடாத வேலை. கீறல் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காரில் கை வைக்க வேண்டும்.

தொழிற்சாலையில் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் ஈ-கோட் ஏறுகிறது. அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 130 மைக்ரான்தான், அதாவது இரண்டு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அதில் கிளியர் மட்டும் 40 மைக்ரான் சுமாருக்கு இருக்கும். வெறும் பாடியாக இருக்கும்போதே 140 டிகிரி அளவில் சுட்டு அதை இறுக வைக்கிறார்கள். ஓடும் காரில் ஒயரிங், சீட், பிளாஸ்டிக் எல்லாம் இருப்பதால் சர்வீஸ் சென்டர் பூத்தில் 60 டிகிரி சுற்றுவட்டாரத்தில்தான் காய வைக்க முடியும். அதற்கென்றே ஹார்டனர் கலக்கும் வேறு வகை பெயிண்ட் அங்கே உபயோகமாகிறது. கை தேர்ந்த பெயிண்டர் அடித்தால் அதுவும் அழகாகவே வரும். ஆனாலும் கம்பெனி பெயிண்ட் ஒரு தடவைதான் கிடைக்கும். பழைய கார் வாங்க வருகிறவர்கள் கையில் பெயிண்ட் தடிமனை அளக்கும் மீட்டரோடு வந்து ஒவ்வொரு பேனலாக வைத்துப் பார்ப்பது சும்மா இல்லை.

அந்த மீட்டரை நான் டெலிவரிக்கு முன்பே வாங்கிவிட்டேன். புது கார் வாங்கும் எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். எனக்கு முதலில் ஒதுக்கிய காரை ஸ்டாக்யார்டில் போய்ப் பார்த்தேன். பானட், ஃபெண்டர், முன் கதவுகள் எல்லாம் 110, 115 என்று காட்டின. இடது பின் கதவில் மட்டும் 240, 260 என்று ஏறியது. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், அந்தக் கதவில் பாலிஷ் மெஷின் ஓடிய வட்ட வட்டமான நிழல் வேறு. கதவு ரப்பரை லேசாகத் தூக்கினால் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிய கோடு தெரிந்தது. சேல்ஸ் பையனைக் கேட்டதும், "சார், டிரெய்லர்ல இருந்து இறக்கும்போது சின்னதா உரசிடுச்சு, நம்ம பாடிஷாப்லயே பர்ஃபெக்டா பண்ணியாச்சு" என்றான். அதை அவர்களாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கோபம்தான். ஆனால் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகாததால் வேறு சேஸிஸ், அதாவது அதே மாடலில் வேறு கார், கேட்க முடிந்தது, கிடைத்தது. கார் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் இதே பேச்சு வேறு மாதிரி போகும். அப்புறம் மெயில், புகார், நுகர்வோர் உதவி எண் 1915 என்று நடையாக நடக்க வேண்டும்.

இரண்டாவது காரிலும் குறை இல்லாமல் இல்லை. டிக்கி கதவில் கிளியருக்குள் ஒரு தூசி மணி மாட்டியிருந்தது. கீழ்ப்பக்க பேனல்களில் ஆரஞ்சு தோல் மாதிரியான சொரசொரப்பு. ஆனால் மீட்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி காட்டியது. இந்தச் சொரசொரப்பு தொழிற்சாலை பெயிண்ட்டில் சகஜம். தூசி மணியை டெலிவரி நோட்டில் எழுதி, போட்டோவோடு மெயிலும் அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டேன். வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு எடுத்துத் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். ஒரு புள்ளிக்காகச் சுற்றியுள்ள கிளியரைத் தேய்த்து மெலிதாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றைக்கும் அது அங்கேயேதான் இருக்கிறது.

டெலிவரி அன்று ஷோரூமில் பானட் மேல் பெரிய மாலை போடுவார்கள். அந்த மாலைக்குள் கட்டுக்கம்பி இருக்கும். நான் அதை நம்பர் பிளேட் பக்கம் கட்டச் சொன்னேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதும் அப்படித்தான். வைப்பதில் ஒன்றுமில்லை, மறுநாள் காய்ந்த சந்தனத்தை வெறும் துணியால் தேய்ப்பதில்தான் கீறல் விழுகிறது. எங்கள் வீட்டில் கண்ணாடியில் பொட்டு வைக்கிறோம்.

கருப்பு காருக்கு உண்மையான எதிரி தினசரித் துடைப்பு. அபார்ட்மென்ட்டில் கார் துடைக்கும் அண்ணன் ஒரே வாளித் தண்ணீரில் பல வண்டிகளை முடிப்பார். அந்தத் துணியில் இருக்கும் மணல்தான் வெயிலில் பார்த்தால் தெரியும் சிலந்தி வலைக் கோடுகளைப் போடுகிறது. "தினம் துடைச்சாத்தான் சார் பளபளன்னு இருக்கும்" என்றார். அவரிடம் டயர், கண்ணாடி, உள்பக்கம் மட்டும் போதும் என்று சொல்லி, மாதக் காசை அப்படியே கொடுக்கிறேன். பாடியை நானே வாரம் ஒரு முறை கழுவுகிறேன். முதலில் பைப் தண்ணீரில் மண்ணை இறக்கிவிட வேண்டும். அப்புறம் ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் இழுப்பு, கடைசியாகத் தடித்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுப்பது.

மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீர் கடினமானது. வெயிலில் கழுவித் தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் உட்கார்ந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துச் சற்று வைத்துவிட்டு அலசினால் புதிய புள்ளிகள் போய்விடும், நாள்பட்டவை போகாது. காக்கை எச்சமும் அப்படித்தான். கருப்பு பானட் சூட்டில் அது கிளியரை அரித்துப் பள்ளமாக்கிவிடும். பார்த்தவுடன் ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு வழித்தெடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. காருக்கு கவர் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். தூசியோடு இருக்கும் காரில் கவர் காற்றில் ஆடினால் அதுவே உப்புத்தாள்.

இரண்டாம் வருடம் பார்க்கிங்கில் யாரோ பைக் ஹேண்டில் பாரால் முன் கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டார்கள். காருக்குப் பாலிஷ், கோட்டிங் போடும் டீட்டெய்லிங் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்றும் உதவுகிறது: "நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்க சார். மாட்டலைன்னா அது என் வேலை. மாட்டுச்சுன்னா பெயிண்டர் வேலை." மாட்டவில்லை. அந்தக் கோடு மட்டும் இருந்த இடத்தில் மெஷின் பாலிஷ் போட்டார், முன்னும் பின்னும் மீட்டர் வைத்தோம், இரண்டு மூன்று மைக்ரான்தான் குறைந்தது. முழு காருக்கும் காம்பவுண்ட் (கிளியரைத் தேய்த்தெடுக்கும் ரப்பிங் பேஸ்ட்) போட்டுவிடலாமா என்று அவர் கேட்டபோது மறுத்துவிட்டேன். கிளியரின் மேல் பகுதியில்தான் வெயிலைத் தாங்கும் சக்தி அதிகம். ஒவ்வொரு சர்வீசிலும் ரப்பிங் போட்டுக்கொண்டே போனால் சில வருடத்தில் அது வெளுத்து உரிய ஆரம்பிக்கும். சர்வீஸ் பில்லில் "இலவச பாலிஷ்" என்று வந்தால், ஜாப் கார்டிலேயே வேண்டாம் என்று எழுதச் சொல்கிறேன்.

ஓ.எம்.ஆரில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போய் பானட் முனையில் விழுந்த புள்ளிகள் வேறு ரகம். அங்கே நகம் மாட்டும், சிலவற்றில் தகடே தெரிந்தது. இதைத் தள்ளிப் போடக்கூடாது, நம் ஊர் ஈரக்காற்றில் மழைக்காலம் வந்தால் துரு பிடித்துவிடும். காரில் ஒட்டியிருக்கும் தகட்டில் பெயிண்ட்டின் கலர் குறியீடு (கலர் கோட்) இருக்கும். அதை வைத்து டச்-அப் பெயிண்ட் வாங்கினேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பல் குத்தும் குச்சியின் முனையால் பள்ளத்துக்குள் மட்டும் ஒரு சொட்டு. காய்ந்ததும் இன்னொன்று, மேலே கிளியர். கையோடு வரும் பிரஷ்ஷால் பூசினால் பள்ளத்தைவிடப் பெரிய மச்சமாகிவிடும். கிட்டப் போய்ப் பார்த்தால் இப்போதும் தெரியும், ஆனால் ஒன்றில்கூட துரு இல்லை.

ஒரு முறை ஷேர் ஆட்டோ உரசி, பின் குவார்ட்டர் பேனலில் பிரைமர் வரை போய்விட்டது. இன்சூரன்ஸ் கிளைம் போடலாமா என்று கணக்குப் பார்த்தேன். கிளைம் இல்லாமல் ஓட்டினால் நோ கிளைம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும், ஒரு கிளைம் போட்டால் அது போய்விடும். ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சிசி வரையான காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசி இல்லாவிட்டால் பெயிண்ட் பொருளுக்கு 50 சதவீதத் தேய்மானமும் கழிப்பார்கள். ஒற்றை பேனலுக்கு இது கட்டுப்படியாகவில்லை, கைக்காசு போட்டுச் செய்தேன். பெயிண்டரிடம் நான் கேட்டுக்கொண்டது, கீறல் உள்ள கீழ்ப்பகுதியில் மட்டும் கலரை அடித்து மங்கலாகக் கலந்துவிட வேண்டும், கிளியரை பேனல் முழுக்க அடிக்க வேண்டும் என்பது. என்னுடையது மெட்டாலிக் துகள் இல்லாத நேர்க் கருப்பு என்பதால் பொருந்திவிட்டது. சில்வர், பேர்ல் வெள்ளை வைத்திருப்பவர்கள் பக்கத்து பேனலிலும் கலரைக் கலக்கவிட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் வெயிலில் சாய்ந்து பார்க்கும்போது கதவு ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறமாகத் தெரியும்.

கிளியரின் மேல் மெல்லியதாகப் பூசும் செராமிக் கோட்டிங்கை முதல் வருடமே போட்டேன். கழுவுவது உண்மையிலேயே சுலபமானது, தண்ணீர் முத்து முத்தாக ஓடியது. அந்த ஓட்டம் இரண்டாம் வருடமே மந்தமாகிவிட்டது. விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு. சாவிக்கோ ஜல்லிக்கோ அது தடுப்பு ஆகாது. கல்லுக்குத் தடுப்பு வேண்டுமென்றால் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ள பாலியூரித்தேன் பிபிஎஃப்தான் (பெயிண்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்). முழு காருக்கும் ஒட்டுவது பெரிய செலவு, எல்லோருக்கும் தேவையும் இல்லை. பானட்டின் முன்பாதி, கதவு விளிம்பு, விரல் நகம் படும் ஹேண்டில் குழி, இந்த மூன்று இடத்துக்கு மட்டும் போன வருடம் ஒட்டினேன். செராமிக் இன்னொரு தடவை போட மாட்டேன், பிபிஎஃப்பை முதல் நாளே ஒட்டியிருக்கலாம். முன் பம்பர் மூலையில் ஒரு உரசல் பாக்கி இருக்கிறது. பிளாஸ்டிக் என்பதால் துரு பயமில்லை, வேறு ஏதாவது வேலைக்கு பம்பரைக் கழற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன்.